சித்திரக் குதிரையும் சரித்திரமும்

1990ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஒரு தொடரின் பெயர் 'தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்'. திப்பு சுல்தானின் வாள் என்று பொருள். நாயகன் திப்பு. அவனுடைய தந்தை ஹைதர் அலி. கதை நிகழும் இடம் மைசூர் ராஜ்யம். ஆயினும் அத்தொடருடன் ஓர் அறிவிப்பும் காட்டப்பட்டது. இதில் வரும் எந்த நிகழ்ச்சிக்கும் சரித்திர ஆதாரம் உண்டென்று உரிமை கோரப்படவில்லை; இது கற்பனை; திப்பு சுல்தானின் வாழ்க்கையோடோ ஆட்சியோடோ இதற்குத் தொடர்பில்லை; பகவான் கித்வானி 1976இல் வெளியிட்ட நாவலின் நாடக வடிவமே இது என்பது அந்த அறிவிப்பின் சாரம். தொடரை எதிர்த்து எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதன் விளைவு அது.

தர்க்கம் பயின்றவர்களுக்கு இந்த அறிவிப்பு ஒரு விருந்து. 'என் தாய் மலடி' என்று ஒருவன் சொன்னால், தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் சொல் என்று நம் முன்னோர் அதை ஒதுக்குவர். 'திப்புவைப் பற்றிய இக்கதை திப்புவைப் பற்றியதன்று' என்பதும் ஏறக்குறைய அதே இனம். நீதிமன்றத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தரப்பாரின் கருத்துரிமையையும் மற்றொரு தரப்பாரின் காயத்தையும் ஒருசேரக் காக்க வேண்டிய நிலையில் சட்டம் கண்ட வழி அது. ஆனால் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? அறிவிப்பை ஒரு நொடி பார்த்தார்கள். பிறகு ஒரு மணி நேரம் சரித்திரம் பார்த்தார்கள். தேசத்தில் ஒரு தலைமுறையினரின் மனத்தில் திப்புவின் முகமாகப் பதிந்தது, அத்தொடரை இயக்கி நடித்த சஞ்சய் கானின் முகமே.

சத்சங்கங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. பெரும்பாலும் வயதில் மூத்த தாய்மார்களிடமிருந்து, சற்றுக் கூச்சத்துடன் எழுகிறது. "சுவாமி, இந்தச் சரித்திரத் தொடரைத் தவறாமல் பார்க்கிறேன். பாதிக்கு மேல் நடந்ததே இல்லை என்று என் பேத்தி சொல்கிறாள். எனக்கும் தெரிகிறது. ஆனாலும் அந்த நேரம் வந்தால் ஜபமாலையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பார்க்கும்போது இன்பமாக இருக்கிறது. பார்த்து முடித்ததும் ஏதோ தப்பு செய்ததுபோல் இருக்கிறது. இது பாவமா?"

இதற்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. 'பொழுதுபோக்குதானே அம்மா, போகட்டும்' என்பது ஒன்று. 'பொய்யைப் பார்ப்பது சத்திய விரதத்துக்கு இழுக்கு. தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்துவிடுங்கள்' என்பது மற்றொன்று. முதல் பதில் அந்த அம்மையாரின் உறுத்தலை மதிக்கவில்லை. இரண்டாவது பதில் அவருடைய இன்பத்தை மதிக்கவில்லை. இன்பம், உறுத்தல் இரண்டுமே உண்மையான அனுபவங்கள். இரண்டும் ஒரே பொருளிலிருந்து எப்படிப் பிறக்கின்றன என்று பார்ப்பதே நம் வேலை.

நாடகம் பார்க்கும்போது மனத்தில் நிகழும் அறிவு எத்தகையது என்பதை நம் தேசத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விவாதித்துவிட்டார்கள். பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரத்துக்கு விளக்கம் கண்ட காஷ்மீரத்து அறிஞர்களில் ஸ்ரீசங்குகர் ஒருவர். அவர் காட்டிய உவமை சித்திரத்தில் எழுதிய குதிரை. அதைப் பார்க்கும் சிறுவன் 'குதிரை' என்கிறான். அது மெய்யான அறிவா என்றால், இல்லை. ஏறிச் சவாரி செய்ய அவன் முயல்வதில்லை. பொய்யான அறிவா என்றால், அதுவும் இல்லை. 'ஏமாந்தேன்' என்று அவன் அழுவதில்லை. ஐயமும் இல்லை, 'குதிரையைப் போன்ற ஒன்று' என்ற ஒப்புமையும் இல்லை. இந்த நான்கிலும் அடங்காத ஒரு தனி அறிவு அது. மேடையில் ராமனாக வருபவனை நாம் ராமன் என்று காண்பதும் இப்படித்தான் என்றார் அவர். பின்னால் வந்த அபிநவகுப்தர் இக்கொள்கையை மறுத்தார். மறுத்தும் அந்தக் குதிரை அழியவில்லை. இன்றும் பாட நூல்களில் நின்றுகொண்டிருக்கிறது.

இன்றைய சரித்திரத் தொடரின் சங்கடத்தை இந்த உவமையாலேயே விளக்கலாம். அது சித்திரக் குதிரையைக் காட்டுகிறது. கூடவே 'ஏறிச் சவாரி செய்' என்றும் சொல்கிறது. திரையின் அடியில் ஆண்டும் ஊரும் எழுத்தில் வருகின்றன. பின்னணியில் ஒரு கனத்த குரல் வம்ச வரலாறு கூறுகிறது. கோட்டை உண்மையான கோட்டை. இவை எல்லாம் 'இது நடந்தது' என்று சாட்சி சொல்கின்றன. சாட்சியத்தின் பலத்தை வரலாற்றிடமிருந்தும், சுதந்திரத்தைக் கற்பனையிடமிருந்தும் கடன் வாங்குகிறது தொடர். இரண்டில் எதையும் திருப்பித் தருவதில்லை.

அப்படியானால் எல்லாம் சரித்திர ஆதாரத்துடன் இருந்தால் உறுத்தல் தீர்ந்துவிடுமா? தீராது என்றே நினைக்கிறேன். ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். 1884 செப்டம்பர் 21 அன்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கல்கத்தா ஸ்டார் தியேட்டரில் கிரீஷ் சந்திர கோஷின் 'சைதன்ய லீலா' நாடகத்தைப் பார்த்தார். நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய நவத்வீபத்தைக் காட்டிய நாடகம் அது. இன்றைய வழக்கில் சொன்னால் சரித்திர நாடகம். ஸ்ரீசைதன்யராக நடித்தவர் வினோதினி என்ற பெண்மணி. அன்றைய கனவான்கள் தம் இல்லத்துக்குள் அனுமதிக்காத குலத்தில் பிறந்தவர். உடை சரியா, வசனம் அந்தக் காலத்து வங்காளமா, ஆணுக்குப் பெண் நடிக்கலாமா என்ற எதுவும் பகவானைத் தடுக்கவில்லை. பலமுறை பாவ சமாதியில் ஆழ்ந்தார். நாடகம் எப்படி இருந்தது என்று கேட்டபோது, அசலும் நகலும் தமக்கு ஒன்றாகவே தெரிந்தன என்ற கருத்தில் பதில் சொன்னார்.

'பார்த்தீர்களா, பகவானே அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆதாரம் கேட்பது வறட்டு அறிவு' என்று சில அன்பர்கள் இதை மேற்கோள் காட்டுவார்கள். சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. அந்த மாலையில் அவரிடத்தில் எது கரைந்தது? அபிநவகுப்தர் ரசானுபவத்தின் உயிர்நாடியாக ஒன்றைக் கூறுகிறார். சாதாரணீகரணம் என்று அதற்குப் பெயர். மேடையில் காணும் சோகம் ராமனுடைய சோகம் என்ற எல்லையையும் என்னுடைய சோகம் என்ற எல்லையையும் இழந்து, யாருடையதும் அல்லாத, எல்லாருக்கும் பொதுவான சோகமாகும்போதே ரசம் பிறக்கிறது. 'என்னுடையது', 'பகைவனுடையது', 'எனக்குச் சம்பந்தமில்லாதவனுடையது' என்ற பாகுபாடு தலைதூக்கினால் அங்கே ரசம் இல்லை. வெறும் உணர்ச்சிதான் உண்டு. பகவான் நாடகத்தைப் பார்த்தபோது 'நான்', 'எனது' என்பவை உருகின. நாம் சரித்திரத் தொடரைப் பார்க்கும்போது பெரும்பாலும் அவை பருக்கின்றன.

என் மன்னன், என் குலம், என் மொழி, என் மதம். திரையில் வாள் சுழலும்போது நம் முதுகு நிமிர்கிறது. யாரோ ஒருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன் காட்டிய தைரியத்துக்கான புகழை, நாற்காலியில் அமர்ந்தபடி நாம் வாங்கிக்கொள்கிறோம். அந்த அம்மையாரின் உறுத்தலுக்குக் காரணம் பேத்தி சொன்ன பிழைகளின் பட்டியலன்று. உழைக்காமல் பெற்ற புகழும், விசாரிக்காமல் கொண்ட பகையும் உள்ளே சேர்வதை அந்தராத்மா உணர்கிறது. பிழையான வரலாறு இந்த இரண்டுக்கும் வசதியாக இருப்பதால்தான் நமக்கு அவ்வளவு பிடிக்கிறது. அகந்தைக்கு ஏற்றபடி வரலாற்றை வளைப்பவர் இயக்குநர் ஒருவர் மட்டும் அல்லர். வளைத்துத் தா என்று கேட்டவர்கள் நாம்.

சிறு வயதில் ஹரிச்சந்திர நாடகம் பார்த்த மகாத்மா காந்தியை இங்கே நினைக்கலாம். ஹரிச்சந்திரன் சரித்திர புருஷனாக இருந்திருக்க முடியாது என்று பிற்காலத்தில் தம் அறிவு சொன்னாலும், தமக்கு அவன் உயிருள்ள உண்மையே என்று அவர் தம் சுயசரிதையில் எழுதினார். அங்கே வரலாற்றுப் பிழை என்ற பேச்சே எழவில்லை. ஏனென்றால் அந்தக் கதை காந்தியைப் புகழவில்லை. அவரிடம் ஏதோ கேட்டது.

மீண்டும் திப்புவிடம் வருவோம். 1791இல் மராட்டியப் படையைச் சேர்ந்த குதிரைப் படையினர் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டனர். சாரதாம்பாள் விக்கிரகம் பெயர்க்கப்பட்டது. அப்போது சங்கராசாரிய சுவாமிகளுக்குப் பக்தியோடு கடிதம் எழுதி, மறுபிரதிஷ்டைக்குப் பணமும் பொருளும் அளிக்க ஆணையிட்டவர் திப்பு சுல்தான். அவர் சிருங்கேரிக்கு எழுதிய கன்னடக் கடிதங்களை 1916இல் மைசூர் தொல்லியல் துறை இயக்குநர் ஆர். நரசிம்மாச்சார் கண்டெடுத்தார். இது ஆவணம். 1780களில் மங்களூர்க் கத்தோலிக்கர்களும் குடகர்களும் ஆயிரக்கணக்கில் சிறைபிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டதும், மலபாரில் கட்டாய மதமாற்றம் நிகழ்ந்ததும் ஆவணமே. மேல்கோட்டையில் தமிழ் பேசும் மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் சில இன்றும் தீபாவளி கொண்டாடுவதில்லை. தம் முன்னோர் அந்நாளில் திப்புவின் ஆணையால் கொல்லப்பட்டனர் என்பது அவர்களுடைய குடும்ப நினைவு. ஆவணத்துக்கும் குடும்ப நினைவுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ச்சியாளர்கள் விவாதிக்கட்டும். விளக்கேற்றாத வீடு என்னவோ உண்மை.

ஒரே மனிதர் சிருங்கேரிக்கு எழுதியவராகவும் குடகை நடுங்கவைத்தவராகவும் இருந்தார். இப்படிப்பட்டவரை நேருக்கு நேர் பார்ப்பது கடினம். கதாநாயகனாக்கினால் குடகு மறைய வேண்டும். கொடியவனாக்கினால் சிருங்கேரி மறைய வேண்டும். எழுத்தில் 'ஒருவேளை' என்று எழுதலாம், 'இதற்கு மாறாகவும் கூறுவர்' என்று அடுத்த வரியில் சேர்க்கலாம். கேமராவுக்கு 'ஒருவேளை' என்ற சொல் தெரியாது. அது எதைக் காட்டினாலும் நடந்ததாகவே காட்டும்.

பிறரைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்தையும் பார்க்க வேண்டாமா? 2015இல் கலைஞர் தொலைக்காட்சியில் மு. கருணாநிதியின் வசனத்தில் பகவத் ராமானுஜரின் வாழ்க்கை தொடராக வந்தது. பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்த தலைவர் ஒருவர் தம் முதுமையில் வைணவ ஆசாரியரின் கதையை எழுதியது ஓர் ஆச்சரியம். அது தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே சொல்ல வந்தது வேறு. சோழ மன்னன் ஒருவன் கொடுமை செய்தான், கூரத்தாழ்வான் கண்களை இழந்தார், உடையவர் ஹொய்சள நாட்டில் தொண்டனூரிலும் மேல்கோட்டையிலும் வாழ்ந்தார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. அந்தச் சோழன் யார் என்பதில் வரலாற்றறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எந்தத் தொடர் எடுத்தாலும் அவனுக்கு ஒரு முகமும் கிரீடமும் பெயரும் வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை ஒரு கதையில் சோழக் கொடியைக் கண்டு புல்லரித்த அதே தமிழ் நெஞ்சம், செவ்வாய்க்கிழமை உடையவர் கதையில் சோழனைச் சபிக்கிறது. இரண்டு நாளும் அது சரித்திரத்தைப் பார்க்கவில்லை, தன்னைத்தான் பார்த்துக்கொண்டது.

ஆன்மிக நிறுவனங்களும் இத்துறையில் இறங்கியிருக்கின்றன. சின்மயா மிஷனின் தயாரிப்பில், 'சாணக்யா' தொடரால் புகழ்பெற்ற சந்திரபிரகாஷ் துவிவேதி இயக்கிய 'உபநிஷத் கங்கா' 2012இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. உயர்ந்த நோக்கமுடைய முயற்சி அது. ஆனாலும் மகான்களின் வாழ்க்கையைத் திரையில் வடிப்பவர்களுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. அற்புதத்தைச் சற்றுக் கூட்டினால் பக்தர்கள் மகிழ்வார்கள். யார் தட்டிக் கேட்கப் போகிறார்கள்? மொழிபெயர்ப்பாளனும் தினந்தோறும் இதே சோதனையைச் சந்திக்கிறான். மூலத்தில் இல்லாத ஒரு அழகிய சொல்லை மறைந்த ஆசிரியரின் வாயில் வைக்கப் பேனா துடிக்கும். அவர் எழுந்துவந்து மறுக்க மாட்டார் என்ற துணிவே அதற்கு அடிப்படை.

இந்தக் கட்டத்தில் திருவள்ளுவரைத் துணைக்கழைப்பது வழக்கம். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் அவர் கூறுகிறார். தொடர் தயாரிப்பாளர்கள் சொல்வதும் இதுவே: இளைஞர்களுக்கு வீரம் ஊட்டுகிறோம், ஒற்றுமை ஊட்டுகிறோம், சிறிது மாற்றினால் என்ன? ஆனால் வள்ளுவர் விதித்த நிபந்தனை எளிதானதன்று. எவருக்கும் குற்றம் விளையாத நன்மை என்று அவர் சொல்கிறார். ஒரு சமூகத்தின் துயரத்தை அழித்து மற்றொரு சமூகத்துக்கு ஊட்டும் பெருமிதம் அந்த நிபந்தனையில் தேறாது. கீதையின் பதினேழாம் அத்தியாயம் வாக்கின் தவத்தைக் கூறும்போது பிறரைக் கலங்கவைக்காமை, சத்தியம், பிரியம், ஹிதம் நான்கையும் ஒன்றாகச் சேர்த்தே கூறுகிறது. தொடர்கள் பிரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகின்றன.

திப்பு தொடரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு நாள் உண்டு. 1989 பிப்ரவரி 8. மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் அத்தொடரின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது தீப்பற்றியது. 62 பேர் மாண்டனர். சஞ்சய் கான் கடுமையான தீக்காயங்களுடன் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். சரியாகப் பொருத்தாத மின்கம்பிகள், காற்று வெளியேற வழியில்லாத அரங்கம், எளிதில் தீப்பற்றும் சாக்குச் சுவர்கள் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. பழங்காலத்து மாளிகை ஒன்றைக் கண்முன் நிறுத்தச் சாக்கும் மரமும் வண்ணமும் போதும். அதற்குள் நின்ற மனிதர்கள் மட்டும் அட்டையால் ஆனவர்கள் அல்லர். மாண்டவர்கள் மைசூர் மண்ணின் சரித்திரம்தான். திப்பு எந்தக் குதிரையில் ஏறினார் என்பதை இரண்டு நூற்றாண்டு கழித்தும் விவாதிக்கிறோம். தொடரை ரசித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த 62 பேரின் எண்ணிக்கையாவது தெரியும்?

மைசூரிலிருந்து கிழக்கே கொள்ளேகாலைத் தாண்டிச் சென்றால் ஹனூர் வருகிறது. மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பாதையில் உள்ள ஊர். 1799இல் திப்பு வீழ்ந்த பின் இந்தப் பகுதி ஆங்கிலேயரிடம் சென்றது. கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகால் தாலுக்காவில் இருந்தது. 1956இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகரின் பகுதியாயிற்று. ஆகவே இங்கே கன்னடமும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன. ஒரே வீட்டில் இரு மொழித் தொடர்களும் ஓடுகின்றன. ஒரே அரசனை இரண்டு விதமாகக் காணும் வாய்ப்பு இந்த எல்லைப்புற மக்களுக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது.

இப்பகுதியில் மாதேஸ்வர சுவாமியின் கதையைத் தேவரகுட்டர்களும் கம்சாளே என்னும் வெண்கலத் தாளம் இசைக்கும் பாடகர்களும் இரவு முழுவதும் பாடுவது நெடுங்கால மரபு. சுவாமி புலிமீது ஏறி வருகிறார். ஆணவம் பிடித்த சிரவணன் என்ற அரசனை அழிக்கிறார். கணவனின் சந்தேகத்தால் வதைபட்ட சங்கம்மாவுக்குக் காவலாகிறார். கேட்பவர் எவரும் 'எந்த ஆண்டு?' என்று கேட்பதில்லை. பாடுபவரும் ஆண்டு சொல்வதில்லை. அது சித்திரக் குதிரை என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே இருவருமே ஏமாறவில்லை. 2010களின் இறுதியில் ஜீ கன்னடத்தில் 'உகே உகே மாதேஸ்வரா' என்று இக்கதை தொடராக வந்தபோதும், பாட்டில் கேட்ட சுவாமியைத் திரையில் கண்டதாகவே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். பாட்டின் மனநிலையோடு பார்த்தவர்களுக்கு அது உறுத்தலைத் தந்திராது.

இதே காட்டில் பிறந்த இன்னொரு கதை வேறு வகை. ஹனூர் தாலுக்காவில், காவிரிக்கரைக் காட்டுக்குள் தமிழ் பேசும் கோபிநத்தம் கிராமம் இருக்கிறது. வீரப்பன் பிறந்த ஊர். 2007இல் மக்கள் தொலைக்காட்சியில் வ. கௌதமன் இயக்கத்தில் 'சந்தனக்காடு' தொடராக அவன் கதை வந்தது. அவன் இறந்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. தமிழ்நாட்டில் பல வீடுகளில் அதை ஆவலோடு பார்த்தார்கள். காடு, துப்பாக்கி, தப்பித்தல், துரோகம் என்று கதைக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. சென்னையிலோ மும்பையிலோ அமர்ந்து பார்ப்பவருக்கு அது சாகசம். ஹனூர்ச் சந்தைக்கு வருபவருக்கு அது பக்கத்து வீட்டு இழவு. 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். ஹனூர்த் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் முன்னாள் அமைச்சருமான நாகப்பா, 2002 ஆகஸ்டில் காமகெரேயில் உள்ள தம் இல்லத்திலிருந்து கடத்தப்பட்டார். டிசம்பரில் காட்டில் சடலமாகக் கிடைத்தார். வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையால் சித்திரவதைக்குள்ளான ஏழைகளும் இருக்கிறார்கள். சதாசிவா குழு விசாரித்த பிறகு 89 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தொடர் வந்த அதே ஆண்டு.

எவருடைய பெயரால் ஒரு கதை ஓடுகிறதோ, அவருடைய தோளுக்குப் பின்னால்தான் கேமரா நிற்கும். எதிரே வருபவர் யாரானாலும் அவர் தடையாகவோ இரையாகவோ ஆகிவிடுவார். இது எந்த இயக்குநருடைய குற்றமும் அன்று. கதை என்பதன் இயல்பு. பி. ஸ்ரீநிவாஸ் என்ற வனத்துறை அதிகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வீரப்பனைப் பிடிக்க வந்தவர், கோபிநத்தத்திலேயே தங்கினார். கிராமத்தாருக்கு மருத்துவ உதவி செய்தார். வீடு கட்ட உதவினார். மாரியம்மன் கோயில் எழுப்பினார். 1991 நவம்பரில், சரணடைகிறேன் என்ற சொல்லை நம்பி ஆயுதமின்றிச் சென்ற இடத்தில் கொல்லப்பட்டார். அரசு அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கியது. வீரப்பன் பிறந்த ஊரிலேயே, அவர் எழுப்பிய கோயிலில் ஸ்ரீநிவாஸின் படத்தை வைத்து மக்கள் வணங்குகிறார்கள். தொலைதூரத்தில் இருந்து தொடர் பார்ப்பவருக்கு ஒரு நாயகன் போதும். அந்த ஊர்க்காரர்களால் இரண்டு பேரையும் நினைவில் வைக்காமல் இருக்க முடியாது.

சாஸ்திரம் மனிதனுக்கு மூன்று கடன்களைக் கூறும். அவற்றுள் ஒன்று பித்ரு கடன். தர்ப்பணம் செய்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். தம் தந்தை வழி, தாய் வழி மூதாதையர் அனைவருக்கும் நீர் விட்ட பிறகு, இறுதியில் தாயோ தந்தையோ நண்பரோ உறவினரோ இல்லாதவர்களுக்கென்றும் ஒரு கை நீர் விடப்படுகிறது. சொந்தம் கொண்டாட ஆளில்லாத இறந்தவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு அதில் இருக்கிறது. சரித்திர ஆராய்ச்சியாளர் ஒரு பழைய கணக்கேட்டில் பெயரற்ற சிறைக்கைதிகளை எண்ணும்போது செய்வது இதையே. தொடர்கள் நம் குலத்துப் பெரியவர்களுக்கு மட்டும் தாராளமாக நீர் விடுகின்றன.

அந்த அம்மையாருக்கு அப்படியானால் என்ன சொல்வது? பார்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 1987, 1988 ஆண்டுகளில் ராமாயணத் தொடருக்காக ஞாயிறு காலையில் பெட்டிக்கு மாலையிட்டுக் காத்திருந்த தலைமுறை அவருடையது. கதை கேட்டே வளர்ந்த நெஞ்சம். ஜபமாலையைக் கீழே வைப்பதை மட்டும் தவிர்க்கலாம். ஜபத்தை முடித்துவிட்டே உட்காரலாம். பார்க்கும்போது தம் முதுகு எந்தக் காட்சியில் நிமிர்கிறது, யாருடைய சாவில் மனம் துள்ளுகிறது என்று கவனிக்கலாம். திருஷ்டா, திருசியம் என்று வேதாந்த வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருப்பார். பயிற்சிக்கு இதைவிட எளிய இடம் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. தொடரில் பிழை கண்டு சொல்லும் பேத்தி வீட்டிலேயே இருக்கிறாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்று காட்டியதில் யாரைக் காட்டாமல் விட்டார்கள் என்று கேட்கலாம். அவளுக்கும் தெரியாவிட்டால் இருவரும் நூலகம் செல்லலாம்.